பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்று நடத்தும் நீண்ட காலச் சர்க்கரை நோய் ஆய்வில் என் அம்மாவும் நானும் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் கிராமத்துக்கு வந்து இரத்தம் எடுத்து, கேள்விகள் கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த முறை புதிய ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனையும் செய்யப்போகிறார்களாம். ‘அடையாளம் நீக்கப்பட்ட தரவு, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள பிற ஆய்வாளர்களுடன் பகிரப்படலாம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. இரத்தத்தை வெளிநாட்டுக்கு விற்கிறார்கள், கையெழுத்துப் போடாதே என்கிறான் தம்பி. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டு நோய் விவரம் வெளியே தெரிந்துவிடுமா? காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போகுமா? வேண்டாம் என்று விலகினால், ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா? முதலில் கையெழுத்திட்ட படிவத்தின் நகல்கூட எங்களிடம் இல்லை. புதிய படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை வெளியிடக் கொடுக்கும் முன் பெயரையும் ஊரையும் நீக்கினேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, மகள் என்ன படித்திருக்கிறாள், தம்பி எங்கே வேலை பார்க்கிறார் என்ற இரண்டு வரிகளையும் வெட்டினேன். டெல்லியில் இருப்பவருக்கு அந்த வரிகளால் ஒன்றும் தெரியப்போவதில்லை. உங்கள் அடுத்த தெருக்காரருக்கு அவையே போதும். நீங்கள் கவலைப்பட வேண்டியதும் இதைப் பற்றித்தான்: பெயரை எடுத்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறது, அந்த மிச்சம் யார் கண்ணில் படுகிறது?

நான் புள்ளியியல்காரன். இத்தகைய ஆய்வுகளின் தரவைக் கையாள்வதும், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து பிறருடைய ஆய்வுத் திட்டங்களைப் படிப்பதும் என் வேலை. எனவே உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். முதல் நாள் உங்கள் பெயரைப் பதியும்போதே உங்களுக்கு ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். இரத்தக் குழாயின் மேல் ஒட்டும் சீட்டில் அந்த எண்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்று சொல்லும் பட்டியல் தனிக் கோப்பாக, முதன்மை ஆய்வாளரின் பொறுப்பில், பூட்டிலோ கடவுச்சொல்லிலோ இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு வரும் கோப்பில் ‘பெண், வயது 52, வெறும் வயிற்றில் சர்க்கரை 148’ என்று வரிசை வரிசையாக எண்கள் மட்டுமே. அதில் உங்கள் வரிசை எது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அந்தப் பட்டியலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் இருக்கும்வரை எண்ணிலிருந்து உங்களைக் கண்டுபிடிக்க முடியும். அழித்துவிட்டால் அவர்களாலேயே எளிதில் முடியாது. உடனே அழித்துவிடுவதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் ஆண்டுதோறும் வரும் ஆய்வில் போன வருடத்து அளவையும் இந்த வருடத்து அளவையும் பொருத்திப் பார்க்க அது வேண்டும். இரத்தத்தில் உடனே கவனிக்க வேண்டியது ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்லி அனுப்பவும் அது வேண்டும். நாளைக்கு நீங்கள் விலகினால், உங்கள் விவரத்தைத் தேடி எடுத்து நீக்கவும் அதுவே வழி. ஆகவே பட்டியல் இருப்பதில் தவறில்லை. வெளியே கொடுக்கும் கோப்போடு அது சேர்ந்து போய்விடக் கூடாது.

பட்டியல் பத்திரமாக இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களை 1990களில் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் வசித்தவர் அவர் ஒருவர்தான். ஆளுநரின் சிகிச்சை விவரம் அப்படி வெளியே வந்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்கள்தொகையில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டிவிட முடியும் என்று பின்னர் அவர் கணக்கிட்டார்.

நம் பக்கத்துக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். ஆய்வுப் படிவத்தில் ஊர், சாதி, தொழில், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்கிறார்கள். ‘61 வயது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, சர்க்கரையால் கால் எடுக்கப்பட்டவர்’ என்று ஒரு கிராமத்தின் பெயரோடு சேர்த்து எழுதினால், அவருடைய பெயரையும் சேர்த்து எழுதியதாகவே அர்த்தம். இதற்காகத்தான் தரவைப் பகிரும் முன் பல விவரங்களை மழுப்புகிறோம். பிறந்த தேதியை எடுத்துவிட்டு வயதை மட்டும் வைப்போம். மிக முதியவர்களை ஒரே தொகுப்பில் போட்டுவிடுவோம். அமெரிக்க விதிப்படி 89 வயதைத் தாண்டிய எல்லோரும் ‘90 அல்லது அதற்கு மேல்’தான். கிராமத்துக்குப் பதில் மாவட்டம். நீங்கள் பரிசோதனைக்கு வந்த தேதிகளை, இடைவெளி மாறாமல், முன்னும் பின்னுமாக நகர்த்திவிடுவதும் உண்டு. அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் மூன்று நான்கு பேர் மட்டும் விழுந்தால் அந்த எண்ணை வெளியிடாமல் விட்டுவிடுவோம். தேசிய குடும்ப நல ஆய்வின் தரவில் வீடுகளின் இருப்பிடத்தை அப்படியே கொடுப்பதில்லை. ஒரு பகுதியின் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே புள்ளிதான். அந்தப் புள்ளியையும் நகரமென்றால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமென்றால் 5 கிலோமீட்டர் வரை இடம் மாற்றி வைக்கிறார்கள். கிராமப் புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்றை 10 கிலோமீட்டர் வரைகூடத் தள்ளிவிடுகிறார்கள்.

என் தொழில்காரனின் புலம்பலையும் ஒரு வரி கேளுங்கள். மழுப்ப மழுப்பத் தரவின் பயன் குறையும். தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எலும்பைப் பாதிக்கிறது என்று கேட்கும் ஆய்வாளரிடம் மாவட்டத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? அதனால் இப்போது பெரிய ஆய்வுகள் வேறு வழிக்குப் போகின்றன. கோப்பைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக ஆய்வாளரைக் கோப்பிடம் வரச் சொல்கிறார்கள். 5 லட்சம் பேரின் விவரம் இருக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க், விண்ணப்பத்தைப் பரிசீலித்து, தன்னுடைய இணையத் தளத்துக்குள்ளேயே கணக்குப் போட அனுமதிக்கும் முறைக்கு மாறியிருக்கிறது. நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் மரபணுத் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோதும், விண்ணப்பித்து நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று ஏற்பாடு. உங்கள் படிவத்தில் ‘பகிரப்படலாம்’ என்று இருக்கும் இடத்தில், எந்த வழியில் என்று கேளுங்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போடுவதும், குழு ஒன்று விண்ணப்பத்தைப் படித்து அனுமதிப்பதும் ஒன்றாகிவிடாது.

உங்கள் தம்பியின் சந்தேகத்துக்கு வருகிறேன். அது முழுக்கக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர் 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் இரத்தம் கொடுத்தார்கள். அவர்களிடம் பேசியதும் சர்க்கரை நோயைப் பற்றித்தான். பின்னர் அதே இரத்தத்தை மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றிய ஆய்வுகளுக்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரியவந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் மக்களுக்கு, மூதாதையரைப் பற்றிய அந்த ஆய்வு எப்படிப்பட்ட காயமாக இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வழக்கு நடந்து, 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தார்கள்.

அங்கே யாருடைய பெயரும் வெளியாகவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்காத காரியத்துக்குப் பயன்படுத்தியதுதான் குற்றச்சாட்டு. அந்தக் கோணத்தில் பார்த்தால், உங்களிடம் புதிய படிவத்தோடு வந்திருப்பதே நல்ல அடையாளம். பழைய இரத்தம் உறைபெட்டியில் கிடக்கிறது, சத்தமில்லாமல் மரபணுவைப் பார்த்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. வெளிநாட்டுக் கூட்டு ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மேல், மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு அனுமதியும் வேண்டும். இரு தரப்புக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்கும். எந்த விவரங்கள் போகும், எதற்குப் பயன்படுத்தலாம், வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது என்பதெல்லாம் அதில் வரும். மருந்து நிறுவனம் ஒன்று அந்தத் தரவை வைத்து நாளைக்கு லாபம் பார்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. படிவத்தில் அதற்குத் தனி வரி இருக்க வேண்டும். பொதுவாக ‘வணிகப் பயன் கிடைத்தால் உங்களுக்குப் பங்கு இல்லை’ என்றுதான் அந்த வரி இருக்கும். பிடிக்காவிட்டால் மறுக்கலாம்.

உண்மையைச் சொன்னால், கடல் தாண்டிப் போகும் தரவைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. அங்கே பூட்டுகள் அதிகம். அங்கிருப்பவருக்கு உங்கள் வீட்டு நிலவரத்தில் அக்கறையும் இல்லை. உங்கள் மகளின் வரனுக்குத் தடங்கல் வருவதென்றால் அது தெருவிலிருந்துதான் வரும். வீடு தெரியும், மக்கள் நம்புவார்கள் என்பதற்காகக் களப்பணியாளர்களைப் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்திலேயே எடுக்கிறார்கள். அது ஆய்வுக்குப் பலம். ஆனால் அவருடைய கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் தெரு வாரியாக எல்லோருடைய பெயரும் அளவும் இருக்கும். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே ‘உங்களுக்குப் போன தடவையைவிடக் கூடியிருக்கிறது அம்மா’ என்று அக்கறையோடு சொல்லிவிடுவார். முகாமில் வரிசையில் நிற்பவர்களைப் பெயரும் நோயும் சொல்லிக் கூப்பிடுவார்கள். பரிசோதனைத் தாளைச் செல்பேசியில் படம் எடுத்துக் குழுவில் அனுப்புவார்கள். மேலாளருக்கு உடனே தகவல் போக வேண்டுமாம். பயணப்படி தருவதற்கென்று ஆதார் நகலும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும் வாங்கி, நோய் விவரக் கோப்பிலேயே சேர்த்துக் கட்டிவைப்பார்கள். ஆய்வுத் திட்டத்தில், பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் சங்கேதக் குறியாக்கம் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கும். இந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நெறிமுறைக் குழுவில் நான் இதைக் கேட்டால் சில பேராசிரியர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

உங்களால் செய்யக்கூடியது இங்கேதான் அதிகம். முடிவை உள்ளே வந்து தனியாகச் சொல்லுங்கள், அல்லது உறையில் போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். படம் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆதார் நகல் எதற்கு, எங்கே இருக்கும் என்று கேளுங்கள். கேட்பதற்காக யாரும் உங்களை ஆய்விலிருந்து நீக்க முடியாது.

மரபணு விஷயம் சற்று வேறு. இரத்தச் சர்க்கரை உங்களுடையது மட்டும். மரபணுவில் உங்கள் மகளுக்கும் பாதிப் பங்கு இருக்கிறது, அவளை யாரும் கேட்காவிட்டாலும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெயர் இல்லாமல் பொதுவில் இருந்த மரபணுத் தரவிலிருந்து, குடும்ப வரலாறு தேடுவோர் பயன்படுத்தும் இணையத் தளங்களின் உதவியோடு ஏறக்குறைய 50 பேரை அடையாளம் கண்டார்கள். ஆண் வழியில் இறங்கும் மரபணுவையும் ஆண் வழியில் இறங்கும் குடும்பப் பெயரையும் பொருத்தியதுதான் உத்தி. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் நம்மிடம் அந்த உத்தி அப்படியே பலிக்காது. ஆனால் உறவினர் யாராவது வேறு தளத்தில் தம் மரபணுவைப் பதிந்திருந்தால் அந்த வழியாகத் தேடலாம். ஆகவே, மரபணுத் தரவு என்றைக்குமே அடையாளம் தெரியாமல் இருக்கும் என்று எந்தப் படிவமாவது உறுதி சொன்னால் அதை நம்ப வேண்டாம். ‘அபாயம் மிகக் குறைவு’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் நேர்மையானவர்.

அதே நேரம், வரன் விஷயத்தில் அளவுக்கு மீறிக் கவலைப்படவும் வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் வழக்கமான சர்க்கரை நோய் ஒரு மரபணுவால் வருவதில்லை. பல நூறு மரபணு வேறுபாடுகள் சிறிது சிறிதாகச் சேர்வதாலும் வாழ்க்கை முறையாலும் வருகிறது. பாட்டிக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை என்ற செய்தியைவிடப் பெரிய ரகசியம் எதையும் அது சொல்லிவிடாது. அந்தச் செய்தி ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. சர்க்கரையைத் தேடும்போது, தேடாத ஒன்று கண்ணில் படலாம்: மார்பகப் புற்றுநோய்க்கான வலுவான மரபணு மாற்றம், அல்லது பரம்பரை இரத்த நோய் ஒன்று. அப்படித் தெரிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று படிவத்தில் கேட்டிருப்பார்கள். கேட்டிருக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அம்மாவின் பதிலும் உங்கள் பதிலும் வேறாக இருக்கலாம். அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

காப்பீடு. ஆய்வுக் கோப்பிலிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு உங்கள் பெயரோடு விவரம் போக வழியில்லை, போனால் அது விதிமீறல். ஆனால் பெயர் நீக்கிய தரவைக் காப்பீட்டுத் துறை நிறுவனங்கள் ஆய்வுக்கென்று கேட்டுப் பெறுவது உண்டு. யுகே பயோபேங்க் அப்படிக் கொடுத்தது என்று 2023இல் பத்திரிகைச் செய்தி வந்து சர்ச்சை ஆனது. ஆரோக்கிய ஆய்வுக்காக, அடையாளம் நீக்கித்தான் கொடுத்தோம் என்பது அவர்கள் பதில். அமெரிக்காவில் மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பதைத் தடுக்க 2008இலேயே சட்டம் வந்தது. ஆயுள் காப்பீடு அதில் அடங்காது. நம்மிடம் அதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. எனவே ‘காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் தரப்படாது’ என்ற வாக்கியம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்காரர்கள் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து அது உங்களுக்குத் தெரிந்த விஷயம். பிறகு காப்பீட்டு விண்ணப்பத்தில் கேட்கும்போது மறைத்தால், பணம் கேட்கும் நேரத்தில் சிக்கல் வரும். அதற்கும் தரவுப் பகிர்வுக்கும் சம்பந்தமில்லை.

சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்தத் தரவை வைத்துத் தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, விதித்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆகவே உங்களுக்கு நடைமுறையில் பாதுகாப்புத் தருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும், அவற்றைப் பின்பற்றும்படி பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுவும்தான். அந்த ரகசியக் காப்புக்கும் எல்லை உண்டு. இரத்தம் எடுக்க வந்த இடத்தில் உங்களுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2012 முதல் அது கட்டாயம். நீதிமன்றம் கேட்டாலும் கொடுக்க வேண்டிவரும். நெறிமுறைக் குழுவினரும் தணிக்கையாளர்களும் உங்கள் அசல் கோப்பைப் பார்க்க வரலாம். இவை படிவத்தில் எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். எல்லா ஆய்விலும் உள்ளவைதான்.

விலகல் உங்கள் உரிமை. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். அதனால் அந்த மருத்துவமனையில் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆனால் எதைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கு வரம்பு உண்டு. உறைபெட்டியில் மிச்சமிருக்கும் இரத்தத்தை அழிக்கச் சொல்லலாம். இனிமேல் உங்கள் தரவைப் புதிய ஆய்வுகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லலாம். வெளிவந்துவிட்ட ஆய்வு முடிவிலிருந்து உங்களைப் பிரித்தெடுக்க முடியாது. வேறு ஆய்வாளரிடம் போய்ச் சேர்ந்த நகலையும் முழுமையாக அழிப்பது கடினம். விலகுவதிலேயே படிகள் உண்டு: வீட்டுக்கு வர வேண்டாம் ஆனால் இருக்கும் தரவைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லலாம், எதையுமே பயன்படுத்தாதீர்கள் என்றும் சொல்லலாம். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்துப் போடலாமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் போடுவேன், ஆனால் பகுதி பகுதியாக. வருடாந்தரப் பரிசோதனை, மரபணு ஆய்வு, எதிர்கால ஆய்வுக்கு மாதிரியைச் சேமித்தல், வெளிநாட்டுப் பகிர்வு, வணிகப் பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று தனித்தனிக் கட்டம் வைக்கும் முறையை 2017 நெறிமுறைகளே ஏற்கின்றன. உங்கள் படிவத்தில் அப்படி இருந்தால் மனம் ஒப்பும் கட்டங்களில் மட்டும் ஆம் என்று குறியுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துத்தான் என்றால், பிரித்துத் தர முடியுமா என்று முதன்மை ஆய்வாளரிடம் கேளுங்கள். மழுப்பினால், தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருடைய தொலைபேசி எண் இருக்கும். அழையுங்கள், அதற்காகத்தான் அந்த எண்ணை அச்சிடுகிறோம். மகளிடமும் மாதிரி கேட்டால் அவள் வயது வந்தவள், முடிவு அவளுடையது.

நாளைக்கே செய்ய வேண்டிய வேலை நகல் வாங்குவது. நீங்கள் முதலில் கையெழுத்திட்ட படிவமும் தகவல் தாளும் உங்களுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். கேட்டால் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எல்லாப் பக்கங்களையும், தமிழில், தேதியோடும் படிவத்தின் பதிப்பு எண்ணோடும் கேட்டு வாங்குங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழைய இரத்தத்தைப் பற்றி அன்று என்ன சொல்லியிருந்தார்கள் என்று தெரியும். புதிய படிவத்தில் கையெழுத்திடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று அவர்கள் சொன்னால், அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிடலாம்.